சுரபாயா சந்து வீடு: குடியிருக்கவும் முதலீடு செய்யவும் 30 குறிப்புகள்

இந்தோனேசியாவின் இரண்டாவது பெரிய நகரம் சுரபாயா; கிழக்கு ஜாவாவின் துறைமுகம். வேலை நிமித்தமாகவோ கல்யாணமாகியோ அங்கே குடிபோகிறவர்கள் பெரும்பாலும் புறநகரின் புது வீட்டு வளாகங்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நகரின் நடுவே, துஞ்சுங்கான் கடைத்தெருவுக்குப் பின்னாலும் காலிமாஸ் ஆற்றை ஒட்டியும், பெனெலே, கெதாண்டான், மஸ்பாத்தி, காலியாசின் என்று நெருக்கமான பழைய குடியிருப்புகள் இருக்கின்றன. கம்போங் என்பார்கள். பெனெலேயின் ஏழாவது சந்தில் உள்ள சோக்ரோஅமினோத்தோ வீட்டில்தான் பள்ளி மாணவராக இருந்த சுகர்ணோ அறை எடுத்துத் தங்கிப் படித்தார். மார்க்கெட், மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆனால் இங்கே வீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. வீட்டின் சுகமும் விலையும் அந்தச் சந்து எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. கீழே உள்ள குறிப்புகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது

1. சந்து முனையிலேயே வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள். பல கம்போங்குகளில் நுழைவாயில் வளைவிலேயே பலகை இருக்கும்: இன்ஜினை நிறுத்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போ. உள்ளூர்க்காரர்கள் காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, எதிரே வருகிறவருக்குத் தலையசைத்தபடி தள்ளிக்கொண்டு போவார்கள். சந்தில் குழந்தைகள் விளையாடுவதால் வந்த கட்டுப்பாடு இது. முதல் நாளே உறுமிக்கொண்டு உள்ளே போகிறவருக்கு வாடகை வீடுகூட அமைவது சிரமம்.

2. டேப் எடுத்துச் சென்று சந்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். சில இடங்களில் இரண்டு பேர் ஒதுங்கித்தான் கடக்க முடியும். ஃப்ரிட்ஜ், கட்டில், அலமாரி உள்ளே வருமா? நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்ப முடியுமா? கார் இருந்தால் இரவில் எங்கே நிறுத்துவது, அதற்கு மாதம் எவ்வளவு என்றும் கேட்டுவையுங்கள்.

3. ஒரே வீட்டை மூன்று வேளையில் பாருங்கள். மத்தியானம் போனால் வெக்கை தெரியும். மாலைத் தொழுகைக்குப் பிறகு போனால் அக்கம்பக்கம் தெரியும். பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் போனால் மற்றதெல்லாம் தெரியும். மழைக்காலம் ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை. முடிந்தால் அந்த மாதங்களில் வீடு தேடுங்கள்.

4. வாசற்படியில் நின்று தரை மட்டத்தைப் பாருங்கள். சந்துக்குக் கல் பதிக்கும் ஒவ்வொரு முறையும் பாதை கொஞ்சம் உயரும். பழைய வீடு அப்படியே நிற்கும். இரண்டு படி இறங்கி உள்ளே போகும்படி இருந்தால் மழைத் தண்ணீரும் அந்தப் படி வழியே உள்ளே வரும். தரையை உயர்த்தினால் கூரையையும் உயர்த்த வேண்டிவரலாம். அந்தச் செலவை வீட்டு விலையோடு கூட்டிக் கணக்கிடுங்கள். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் புது பெயின்ட் மட்டும் தனியாகத் தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

5. ஆற்றங்கரை, ரயில் பாதை, துறைமுகப் பகுதி வீடுகளில் இரட்டைக் கவனம் தேவை. ஆற்றோர வீடுகள் இடிக்கப்பட்ட வரலாறு இந்த நகரத்தில் உண்டு. 2009-ல் ஜாகிர் கால்வாய்க் கரையில் நடந்தது அப்படித்தான். ரயில் நிலையங்களை ஒட்டிய நிலம் ரயில்வே நிறுவனத்துடையதாகவும், பெராக் துறைமுகப் பக்கத்து நிலம் துறைமுக நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம். அங்கே வீடு ஒருவருடையது, மண் இன்னொருவருடையது.

6. கூரையையும் மரத்தையும் தட்டிப் பாருங்கள். பழைய வீடுகளில் சுட்ட ஓடு இருந்தால் நல்லது, வெக்கையைத் தாங்கும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. தேக்கு உத்திரம் என்று சொன்னாலும் சுவரில் செருகிய முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொலபொலவென உதிர்ந்தால் கரையான் வேலை.

7. வெயில் விஷயத்தில் நம் ஊர்க் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். சுரபாயா பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 7 பாகையில் இருக்கிறது. மார்ச் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். நம் ஊரில் தெற்குச் சுவர் காய்வதுபோல அங்கே வடக்குச் சுவர் காயும். மழைக்கு முந்தைய அக்டோபர்தான் கடும் வெக்கை. சூரியன் நேர் உச்சியில், வானத்தில் மேகமும் இல்லை. வடக்கிலும் மேற்கிலும் கூரையை நீட்டி இறக்கிய வீடு கிடைத்தால் விடாதீர்கள்.

8. செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டு, அதன் மூடியைக் கண்ணால் பாருங்கள். இடநெருக்கடியால் சமையலறைக்கோ முன் திண்ணைக்கோ அடியில் இருக்கும். மேலே டைல்ஸ் ஒட்டி மூடியிருப்பார்கள். கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள், லாரியின் குழாய் சந்து முனையிலிருந்து எட்டுமா என்பதையும் விசாரியுங்கள். வீட்டில் கிணறு இருந்தால் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கிட்டத்தில் இருந்தால் அந்தத் தண்ணீர் தரை கழுவ மட்டும்.

9. தூண்களும் தளைவிட்டங்களும் இருக்கின்றனவா என்று கொத்தனாரை அழைத்துப் பாருங்கள். 2024 மார்ச் 22 அன்று பாவேயான் தீவருகே ஏற்பட்ட 6.5 அளவு நிலநடுக்கம் சுரபாயாவையும் குலுக்கியது. வெறும் செங்கல் சுவர்மேல் பிறகு ஏற்றிய மாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

10. விளம்பர எண்களைச் சரியாகப் படியுங்கள். அங்கே ஆயிரத்துக்கும் பத்து லட்சத்துக்கும் புள்ளி வைப்பார்கள், காற்புள்ளிதான் தசமம். விலைக்குப் பின்னால் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது மில்லியன் அல்ல, மிலியார். அதாவது 100 கோடி. மில்லியனை ஜூத்தா என்பார்கள், 10 லட்சம். ‘1,5 எம்’ என்பது 150 கோடி ரூபியா. நிலப்பரப்பும் கட்டடப்பரப்பும் சதுர மீட்டரில் தனித்தனியாக இருக்கும். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 10.76 சதுர அடி.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு

11. முழு வீடென்றால் மாத வாடகை வழக்கம் குறைவு. ஓராண்டு, சில இடங்களில் இரண்டாண்டு வாடகையை மொத்தமாக முன்னாலேயே கேட்பார்கள். அதனால் கையெழுத்துக்கு முன்பே எல்லாம் பேசி முடியுங்கள்: கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, பம்பு கெட்டால் யார் பொறுப்பு, நடுவில் காலி செய்தால் மீதிப் பணம் உண்டா. பணம் கொடுத்தபின் கேட்டால் பதில் வராது. ரசீதில் 10,000 ரூபியா முத்திரைத் தலை ஒட்டி, அதன் மேலும் படும்படி கையெழுத்து வாங்குங்கள்.

12. முதலில் ஒரு மாதம் கோஸ் அறையில் தங்கிப் பாருங்கள். கோஸ் என்பது மாத வாடகைக்கு விடும் தனி அறை. அதே கம்போங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கினால் தண்ணீர் எப்போது வருகிறது, எந்த வீட்டில் விசேஷம் என்றால் சந்து அடைபடுகிறது, விடிகாலைத் தொழுகை அழைப்பு எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது எல்லாம் தெரிந்துவிடும். ஓராண்டுப் பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைவிட மலிவான பரிசோதனை இல்லை.

13. மின் இணைப்பின் அளவைக் கேளுங்கள். சின்ன வீடுகளில் 900 அல்லது 1300 வி.ஏ. இருக்கும். 900 என்றால் 4 ஆம்பியர், 1300 என்றால் 6 ஆம்பியர் பிரேக்கர். 1300-ல் அரை குதிரைத்திறன் ஏசியும் ரைஸ் குக்கரும் ஓடும்போது இஸ்திரிப் பெட்டியையும் மிக்ஸியையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். குடும்பத்தோடு இருக்க 2200 வசதி. இணைப்பை உயர்த்த வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். முன்னாலேயே எழுதி வாங்குங்கள்.

14. முன்பண மீட்டருக்குப் பழகிக்கொள்ளுங்கள். பக்கத்து மினி மார்க்கெட்டிலோ கைப்பேசியிலோ பணம் கட்டினால் 20 இலக்க எண் வரும். அதை மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். இருப்பு குறைந்தால் மீட்டர் விடாமல் கீச்சிடும். சந்து வீட்டில் அந்தச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து அக்காவே வந்து சொல்வார். மின்னழுத்தம் நம் ஊரைப்போல 220 வோல்ட் அளவில்தான், ஆனால் பிளக் இரண்டு உருண்டை முனை. மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அடாப்டர் எடுத்துச் செல்லுங்கள்.

15. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். நகராட்சித் தண்ணீர் சுரபாயா ஆற்றிலிருந்து வருகிறது. ஙாகெல், காராங்பிலாங் நிலையங்களில் சுத்திகரிக்கிறார்கள். குளிக்க, துவைக்க நன்றாக இருக்கும். குடிக்க, சமைக்க 19 லிட்டர் கேன் வாங்குவதே ஊர் வழக்கம். அழுத்தம் குறையும் நேரங்களுக்காக மாடியில் ஒரு தொட்டி அவசியம். துறைமுகப் பக்கம் போகப் போகக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும்.

வாங்குகிறவர்களுக்கு

16. விலையைக் கேட்பதற்கு முன் எந்த உரிமைப் பத்திரம் என்று கேளுங்கள். ஹாக் மிலிக் என்பது முழு உரிமை, காலவரம்பு இல்லை, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். ஹாக் குனா பங்குனான் என்பது அரசு நிலத்தில் கட்டடம் வைத்துக்கொள்ளும் உரிமை. 30 ஆண்டு, பிறகு 20 ஆண்டு நீட்டிப்பு, பிறகு 30 ஆண்டு புதுப்பிப்பு. எத்தனை ஆண்டு மீதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு ஆண்டு மீதியுள்ள வீட்டுக்கும் இருபது ஆண்டு மீதியுள்ள வீட்டுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

17. சுரபாயாவுக்கே உரிய ஒரு சிக்கல் ‘சூராட் இஜோ’, அதாவது பச்சைக் கடிதம். குபெங், வொனோக்ரோமோ போன்ற நடுநகரப் பகுதிகளிலும் பல தெருக்களில் நிலம் நகராட்சியின் பெயரில் இருக்கிறது; குடியிருப்பவரிடம் இருப்பது பயன்பாட்டு அனுமதி மட்டும். மூன்று தலைமுறையாக வாழ்கிற குடும்பங்களும் நகராட்சிக்குக் கட்டணம் செலுத்துகின்றன. முழு உரிமை கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடுகின்றன. இந்த வீடுகள் மலிவாக விலைக்கு வரும். குடியிருக்க மட்டும் என்றால் யோசிக்கலாம். ‘சீக்கிரமே முழு உரிமை ஆகிவிடும்’ என்று தரகர் சொல்வதை நம்பி முழு விலை கொடுக்காதீர்கள்.

18. பெத்தோக் டி, லெட்டர் சி போன்ற பழைய காகிதங்கள் வரி கட்டியதற்கான பதிவுகள். உரிமைச் சான்றிதழ் அல்ல. 2021-ல் வந்த அரசு ஒழுங்குமுறை எண் 18, இப்படிப்பட்ட வழக்காற்று நிலங்களைப் பதிவு செய்ய ஐந்து ஆண்டு கெடு வைத்தது. அது 2026 பிப்ரவரியோடு முடிந்தது. அதன்பின் இந்தக் காகிதம் நிலம் எங்கே என்று காட்டும் ஒரு குறிப்புதான். விற்பவர் முதலில் சான்றிதழ் எடுக்கட்டும், பிறகு பேசலாம்.

19. வெளிநாட்டவர் உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கி வைப்பது வேண்டவே வேண்டாம். ‘எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்று சொல்லுவார்கள். 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, முழு உரிமை நிலத்தை நேராகவோ சுற்றுவழியிலோ வெளிநாட்டவருக்கு மாற்றும் செயல் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது என்கிறது. நண்பர் நல்லவராகவே இருந்தாலும், நாளை அவர் காலமானால் வீடு அவருடைய வாரிசுகளுக்குத்தான் போகும்.

20. வெளிநாட்டவருக்கு நேர்வழியும் இருக்கிறது. ஹாக் பக்காய் எனும் பயன்பாட்டு உரிமையில் வீடு வாங்கலாம். அதுவும் 30, 20, 30 ஆண்டுகள். குடியேற்ற ஆவணம் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை, 2,000 சதுர மீட்டருக்குள். மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலையும் நிர்ணயித்திருக்கிறார்கள். கம்போங் வீடுகள் பெரும்பாலும் அதைத் தொடாது. ஆகவே வெளிநாட்டுக் குடும்பத்துக்கு இந்தச் சந்துகளில் வாடகையே யோக்கியமான வழி.

21. இந்தோனேசியரை மணந்தவர்கள் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது ஆகிவிடும். அதனால் இந்தோனேசியத் துணைக்கே முழு உரிமை நிலம் வாங்குவதில் தடங்கல் வரும். திருமணத்துக்கு முன்புதான் எழுத முடியும் என்றிருந்ததை அரசியல் சாசன நீதிமன்றம் மாற்றியது. இப்போது திருமணத்துக்குப் பிறகும் நோட்டரி முன் எழுதலாம்.

22. வாரிசுகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கம்போங் வீடுகள் பலவும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அண்ணன் விற்கச் சம்மதித்துவிட்டார் என்பது போதாது. வேறு தீவில் வேலை பார்க்கும் தங்கை, இறந்துபோன தம்பியின் பிள்ளைகள் என எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். வாரிசுச் சான்றை வாங்கிப் படித்து, பக்கத்து வீட்டு வயதானவர் ஒருவரிடம் பேச்சோடு பேச்சாகக் குடும்பக் கதையைக் கேளுங்கள். விட்டுப்போன பெயர் அங்கேதான் கிடைக்கும்.

23. சான்றிதழைத் தேசிய நில அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். அடமானம், வழக்கு, முடக்கம் எல்லாம் அந்தச் சரிபார்ப்பில் தெரியும். விற்பனைப் பத்திரத்தை அரசு நியமித்த நிலப்பத்திர அதிகாரிதான் எழுத வேண்டும். அவரைச் சுருக்கமாக பி.பி.ஏ.டி. என்பார்கள். அவருடைய கட்டணம் விலையில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வாங்குபவருக்கு ஒரு வரம்பு கழித்து 5 சதவீத வரி, விற்பவருக்கு 2.5 சதவீத வரி. ‘விலையைக் குறைத்துக் காட்டலாம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

24. நகரத் திட்டக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். சாலை அகலப்படுத்தும் கோடு உங்கள் முன்னறையைக் கடந்து போகிறதா, மாடி கட்டலாமா என்பது அதில் இருக்கும். கட்டட அனுமதி 2021 முதல் புதுப் பெயரில், பி.பி.ஜி. என்று வருகிறது. பெனெலே போன்ற பழைய பகுதியில் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் முகப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பழைய பூவேலைச் சிமென்ட் தரை இருந்தால் பெயர்க்காதீர்கள். அதற்கென்றே வாடகைக்கு வருகிறவர்கள் உண்டு.

குடிவந்த பிறகு

25. முதல் வேலை, ஆர்.டி. தலைவரைப் பார்ப்பது. சில பத்து வீடுகள் சேர்ந்தது ஓர் ஆர்.டி.; பல ஆர்.டி.க்கள் சேர்ந்தது ஆர்.டபிள்யூ. தலைவரை ‘பா எர்தே’ என்று கூப்பிடுவார்கள். அடையாள ஆவணங்களின் நகலோடு போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் விருந்தாளி தங்கினாலும் சொல்ல வேண்டும் என்று சந்து முனையிலேயே எழுதியிருக்கும். குப்பைக்கும் காவலுக்கும் மாதச் சந்தாவை நாள் தவறாமல் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாக்கடை தூர்வாரும்போது மண்வெட்டியோடு நில்லுங்கள். பெண்களின் மாதச் சீட்டில் சேருங்கள். சந்தில் எந்த வீடு காலியாகப்போகிறது என்ற செய்தி தரகருக்கு முன் அங்கே வந்துவிடும்.

26. வாரம் ஒருமுறை குளியல் தொட்டியைக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே குளியலறையில் தண்ணீர் பிடித்துவைக்கும் சிமென்ட் தொட்டிதான் டெங்கு கொசுவின் பிரசவ அறை. குடியிருப்புப் பெண்களே கொசுப்புழு கண்காணிப்பாளர்களாக வீடு வீடாக வருவார்கள்; டார்ச்சைத் தண்ணீரில் சாய்த்து அடித்து, நெளிகிற புழு இருக்கிறதா என்று பார்த்து அட்டையில் குறிப்பார்கள். கதவைத் திறந்து விடுங்கள். ஃப்ரிட்ஜின் பின் தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏசித் தண்ணீர் பிடிக்கும் வாளி மூன்றையும் நீங்களே பாருங்கள்.

27. சமையல் கழிவை வெளியே தள்ளாமல் தகாகுரா கூடையில் போடுங்கள். ஜப்பானின் கித்தாக்யூஷு நகரத்தின் உதவியோடு சுரபாயாவில் பரவிய முறை இது. துளையுள்ள துணிக்கூடையின் உள்ளே அட்டை சுற்றி, அடியில் உமி நிரப்பிய பையும் மேலே நொதித்த உரமும் இட்டு, நறுக்கிய காய்கறிக் கழிவைக் கிளறிவிட்டு உமிப் பையால் மூடுவார்கள். நாற்றம் வராது, சந்தில் வரிசையாக நிற்கும் தொட்டிச் செடிகளுக்கு உரம் தயார். பாட்டில், அட்டைகளைக் கம்போங்கின் குப்பை வங்கியில் கொடுத்தால் பாஸ்புக்கில் பணம் ஏறும். 2018-ல் தொடங்கிய சுரபாயா பேருந்து பிளாஸ்டிக் பாட்டிலையே கட்டணமாக வாங்கியது.

28. சமையலறையில் இரண்டு எச்சரிக்கை, ஒரு வசதி. பச்சை நிற 3 கிலோ எரிவாயு உருளை ஏழைகளுக்கான மானிய உருளை, நீங்கள் 5.5 அல்லது 12 கிலோ வாங்குங்கள். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து என்பதால் சிறு தீயணைப்பான் ஒன்றை வாசல் பக்கம் மாட்டுங்கள். நகரின் அவசர எண் 112. வசதி: காலையில் ம்லிஜோ எனப்படும் காய்கறி வண்டிக்காரர் வாசலுக்கே வருவார். முருங்கைக்கீரை, கத்தரிக்காய், புளி, தேங்காய் எல்லாம் தாராளம். மசாலாச் சாமானுக்கு அம்பெல் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் போங்கள்.

முதலீடாகப் பார்க்கிறவர்களுக்கு

29. கோஸ் அறை கட்டுமுன் ஆள் யார் என்று தீர்மானியுங்கள். குபெங்கில் ஐர்லங்கா பல்கலைக்கழகமும் டாக்டர் சுத்தோமோ அரசு மருத்துவமனையும் இருப்பதால் மாணவிகள், செவிலியர்கள், நோயாளிகளின் உறவினர்கள் வருவார்கள். காலியாசின், கெதுங்தோரோ பக்கம் கடை, அலுவலக ஊழியர்கள். கணக்கை இப்படிப் போடுங்கள்: எட்டு அறை, அறைக்கு மாதம் 10 லட்சம் ரூபியா என்று வைத்தால் ஆண்டுக்கு 9.6 கோடி. விடுமுறைக் காலத்தில் இரண்டு மாதம் காலி என்றால் 8 கோடி. பழுது, தண்ணீர், காவல், வரிக்கு ஐந்தில் ஒரு பங்கு போனால் மிச்சம் 6.4 கோடி. வாங்கிக் கட்ட 160 கோடி ஆகியிருந்தால் வருமானம் 4 சதவீதம். அரசுக் கடன் பத்திர வட்டியோடு ஒப்பிட்டுவிட்டு இறங்குங்கள். அறைக்கு ஒரு துணை மீட்டர் வையுங்கள். வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவந்து போடுகிறவர்கள் ரூபியாவின் சரிவையும் எண்ணுங்கள்: 1997 நடுவில் டாலருக்கு சுமார் 2,400 ஆக இருந்தது, 1998-ல் 15,000-ஐத் தாண்டியது. கடன் வாங்கி மாற்றிப் போடுவது கூடாது.

30. முதல் லாபத்தில் ஒரு பங்கைச் சந்துக்குச் செலவிடுங்கள். சுரபாயாவின் கம்போங் மேம்பாட்டுத் திட்டம் 1960-களின் கடைசியில் தொடங்கியது. யாரையும் காலி செய்யாமல் பாதை, வடிகால், குடிநீர் மட்டும் கொடுத்தது. பாதை நன்றானதும் மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே செப்பனிட்டார்கள். கெபாலென் கம்போங்கில் நடந்த அந்த வேலைக்கு 1986-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. இன்றைக்கும் வழி அதுதான். அடைத்துக் கிடக்கும் சாக்கடைக்கு ஒரு மூடி, இருட்டு வளைவுக்கு ஒரு விளக்கு, ஆகஸ்ட் 17 சுதந்திர தின விழாவுக்கு ஒரு நன்கொடை கொடுங்கள். உங்கள் சுவரோரம் பல வருஷமாகப் பலகாரம் விற்கும் அம்மாவை இடத்தைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். பகல் முழுக்க உங்கள் வாசலுக்கு இருக்கும் காவல் அவர்தான். சந்துக்காரர்கள் உங்களை வெளியாளாக நினைக்காத வரைக்கும் அறைகள் காலியாகக் கிடக்காது, விற்க வேண்டிய நாளில் வாங்க ஆளும் அந்தச் சந்திலிருந்தே கிடைப்பார்.